மைக்செட் சாமித்துரைக்குக் கேட்டதா?

கரிசலில் எர்த்துக் கம்பி அடிப்பது எப்படி என்று எந்த இன்ஜினியரிங் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. என் தாய்மாமா சாமித்துரைக்குத் தெரியும். சித்திரை, வைகாசியில் எங்கள் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடிக்கும். அடித்து இறக்கிய கம்பியை விட்டு மண் விலகிவிடும். கம்பி குழிக்குள் சும்மா நிற்கும். அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் பாட்டுக்கு முன்னால் ‘உர்ர்ர்’ என்று ஓர் இரைச்சல்தான் வரும். மாமா ஒரு குடம் தண்ணீரில் ஒரு கை கல்லுப்பு போட்டுக் கம்பியைச் சுற்றி ஊற்றச் சொல்வார். மண் குடித்து இறுகியதும் இரைச்சல் கத்தரித்த மாதிரி நிற்கும். “மொதல்ல அதுக்கு ஊத்து, பெறவு எனக்கு டீ வாங்கு” என்பார்.

பசுவந்தனைக்குக் கிழக்கே எங்கள் ஊர். மானாவாரி பூமி. மாமாவுக்கும் மூன்று ஏக்கர் இருந்தது. உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார். ஆனால் விவசாயியைச் சொல்கிற மாதிரி அவரை யாரும் சம்சாரி என்று சொல்ல மாட்டார்கள். மைக்செட் சாமித்துரை. ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, கோவில்பட்டியில் ஒரு ரேடியோ கடையில் நாலு வருடம் இருந்து தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவர். மைக்கைச் சோதிக்க மற்றவர்கள் ‘ஒன் டூ த்ரீ’ சொல்வார்கள். இவர் சொல்ல மாட்டார். “நடுத்தெரு மாயகிருஷ்ணன் கவனத்திற்கு. மேகம் கூடுது, மொட்டை மாடியில உங்க வத்தல் காயுது. வீட்டுக்காரம்மா தூங்குதாவ, எழுப்பி அடி வாங்காதீய, நீங்களே போய் அள்ளுங்க.” ஊரே சிரிக்கும். மாயகிருஷ்ணன் ஓடுவார்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் அப்பா கைநாட்டு. அம்மா தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். நான் எம்.டெக். முடித்து, சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த வருடம், ஊர்க் கோயில் கொடை விழாவில் மாமா மைக்கைப் பிடித்தார். “எனது சொந்த மருமகன் சோலைராஜ், மூளை டாக்டருக்குப் படிக்கச் சென்னை செல்கிறார் என்பதைப் பெருமையுடன்…” என்று மூன்று தடவை. நான் பந்தலுக்குப் பின்னால் போய், “மாமா, டாக்டர் இல்ல. ஒரு சத்தம் கேட்டா மூளை என்ன பண்ணுதுன்னு கணக்குப் போட்டுப் பாக்குற படிப்பு” என்றேன்.

“கணக்குன்னா எவம்லே கை தட்டுவான்?” என்றார்.

நானும் விட்டுவிட்டேன். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

போன புரட்டாசிக் கடைசியில் மாமா விழுந்தார். நாகலாபுரம் பக்கம் ஒரு கோயில் விழா. தண்ணீர்த் தொட்டி ஏணியில் ஏறிக் குழாய் ரேடியோவைக் கட்டிக்கொண்டிருந்தவர், கால் வழுக்கித் தலைகுப்புற விழுந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில் தலையைத் திறந்து ரத்தக்கட்டியை எடுத்தார்கள். இருபது நாள் கழித்துக் கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். கண் திறக்கும், மூடும். கொட்டாவி விடுவார். மூக்கில் விட்ட குழாய் வழியாகக் கஞ்சி போகும். ஆனால் யாரையும் பார்க்க மாட்டார். கண் நம்மைத் தாண்டிச் சுவருக்குப் போய்விடும். “வீட்ல வச்சுப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வைகாசியில், எட்டாவது மாதம், கல்யாணசுந்தரி அத்தை எனக்குப் போன் பண்ணினாள். மாமாவின் மனைவி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள்.

“ஏய்யா சோலை, நீ மூளைக்குத்தான படிக்க? உங்க மாமாவுக்கு நாம பேசுதது கேக்கா இல்லியா, அத மட்டும் பாத்துச் சொல்லு.”

“அத்தை, அது அவ்வளவு லேசா சொல்ல முடியாது…”

“எனக்கு அது தெரிஞ்சாவணும்” என்றாள். பிறகு மாமா விழுந்த நாள் காலையில் நடந்ததைச் சொன்னாள். அன்று அவளுடைய தங்கை மகளுக்குச் சடங்கு. கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்த மாமா, கடைசி நேரத்தில் நாகலாபுரத்து வேலையை ஒத்துக்கொண்டுவிட்டார். “குழாயவே கட்டிக்கிட்டு அங்கனயே கெடங்க, இந்த வீட்டு வாசலுக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டேன்யா. அவிய திரும்பிக்கூடப் பாக்கல. வண்டியக் கெளப்பிட்டுப் போயிட்டாவ. அதுதான் கடைசியா நான் பேசுனது. நான் சொன்னது தப்புன்னு சொல்லணும். கேக்கலைன்னா சொல்லி என்னத்துக்கு?”

என்னுடைய வேலையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அத்தைக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கோயில் கொடையில் ஆயிரம் பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவன் கை தட்டுவது, மூளையில் ஒரு நரம்புச் செல் துடிப்பது மாதிரி. ஒரு தெருக்காரர்கள் எல்லோரும் ஒரே தாளத்தில் தட்டினால், அது ஒரு செல் கூட்டம். பக்கத்து ஊரில் படுத்துக்கொண்டு கேட்டால் மொத்தமாக ‘ஓ’ என்று கேட்கும். யார் தட்டினார், எதற்குத் தட்டினார் என்று தெரியாது. மண்டைக்கு மேல் ஒட்டுகிற கம்பிக்குக் கேட்பது அந்த ‘ஓ’ மட்டும்தான். ஒரு சத்தத்தைக் கொடுத்தால் ஒற்றைச் செல்லில் என்ன நடக்கும், அது சேர்ந்து கூட்டத்தில் என்ன ஆகும், கடைசியில் மண்டைத்தோலில் எவ்வளவு மெலிந்து வெளியே வரும் என்று மூன்று மட்டத்தையும் ஒரே கணக்கில் கோக்கிறோம். மேலே கிடைத்த ‘ஓ’வை வைத்துக் கீழே நடந்ததை ஊகிக்கப் பார்க்கிறோம்.

இதில் நேரம் முக்கியம். நொடியை ஆயிரமாகப் பிரித்தால், காதில் விழுந்த சத்தம் மூளையின் அடித்தண்டைத் தாண்டப் பத்துப் பங்கு ஆகும். மேலே போய் ‘சத்தம்’ என்று பதிய நூறு. ‘இது என் பேரு’ என்று ஆள் கவனிக்க முந்நூறு. ஒவ்வொரு மட்டத்துக்கும் அதற்கான தாமதம் உண்டு. இதைத்தான் நான் மூன்று வருடமாகக் கணக்குப் போடுகிறேன்.

எங்கள் பேராசிரியரிடம் சொல்லி எட்டுக் கம்பி உள்ள சிறிய கருவி ஒன்றை வாங்கிக்கொண்டேன். கொடுக்கும்போது அவர் ஒன்றே ஒன்று சொன்னார்: ஒரு தடவை எடுத்ததை வைத்து அந்தக் குடும்பத்திடம் எதையும் சொல்லாதே. தலையாட்டினேன்.

சனிக்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தபோது பாலகணேஷ் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மாமாவோடு பதினைந்து வருடம் தொழிலில் இருந்தவர். இப்போது செட்டை அவர்தான் பார்க்கிறார்.

“வாங்க டாக்டரே, ஊசி கீசி உண்டா?” என்றார்.

மாமாவின் தலையில் முடியை விலக்கிக் களிம்பு தடவிக் கம்பிகளை ஒட்டினேன். எட்டு மாதத்தில் முகம் பாதியாகியிருந்தது. லேப்டாப்பில் கோடுகள் ஓடின. எட்டுக் கோடும் ஒரே தடிமனாக, ரம்பம் மாதிரி. மின்சார இரைச்சல். எதைத் தொட்டாலும் போகவில்லை. அரை மணி நேரம் போராடிவிட்டு நிமிர்ந்தபோது, அத்தை ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போவது தெரிந்தது. எர்த்துக் கம்பிக்கு ஊற்றினாள். கோடுகள் ஒவ்வொன்றாக மெலிந்தன.

“எத்தன வருசமாப் பாக்கேன், இது தெரியாதா?” என்றாள்.

அந்த நிமிடத்திலேயே எனக்குள் ஒரு நம்பிக்கை புகுந்துவிட்டது. மாமாவின் கைவித்தை மாமாவுக்கே உதவுகிறது என்று நினைத்தேன்.

சோதனை இதுதான். மூன்று ஆண் பெயர்கள். இரண்டு வேறு ஆட்களுடையவை, ஒன்று அவருடையது. நெருங்கிய ஒருவரின் குரலில் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றி இருநூறு தடவை ஒலிக்கவிட வேண்டும். தன் பெயருக்கு மட்டும் முந்நூறாவது பங்கில் அலை எழுந்தால், ஏதோ கவனிக்கிறது என்று அர்த்தம்.

“அத்தை, நீங்கதான் பேசணும். போன்ல பதிஞ்சுக்கிடுதேன்.”

“மாயகிருஷ்ணன்” என்றாள், கணீரென்று. “பாண்டியராஜன்” என்றாள், வீதியில் போகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி.

“இப்ப மாமா பேரு.”

வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

“ஏய்யா, வேற ஆளச் சொல்லச் சொல்லேன். கலியாணம் ஆகி இருவத்தாறு வருசம் ஆச்சு, ஒரு நாளுஞ் சொன்னதில்ல.”

“ரேஷன் கடையில கேட்டா என்ன சொல்லுவீய?” என்றார் பாலகணேஷ்.

“கார்டைக் காட்டுவேன். நீ சும்மா இருலே.”

கடைசியில் எங்கள் இரண்டு பேரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, போனில் பதிந்தாள். போட்டுக் கேட்டால் காற்று மாதிரி இருந்தது. ‘சா’வும் ‘ரை’யும் மட்டும் கேட்டன. இன்னொரு தடவை சொல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த ஒரு பெயருக்கு மட்டும் சத்தத்தை ஏற்றினேன். கொஞ்சம் அதிகமாகவே ஏற்றினேன்.

காதுக்குள் வைக்கும் சின்ன ஒலிக்குழாய் கொண்டுபோயிருந்தேன். அதன் முனை பேருந்தில் நசுங்கிவிட்டிருந்தது. ஒட்டுப் போட்டால் சரியாகும். ஆனால் பாலகணேஷ் விடவில்லை. “காலம் பூராம் பெரிய பெட்டியில கேட்ட காதுக்குப் பட்டாணியவா வைப்பீய? அண்ணாச்சி செட்டு எதுக்கு இருக்கு?” என்று பாக்ஸ் ஒன்றைத் தூக்கிவந்து கட்டிலின் தலைமாட்டில் வைத்தார். மாமா கையாலேயே முறுக்கி டேப் சுற்றிய ஒயர், கட்டிலுக்கு அடியில், என்னுடைய கம்பிகளை ஒட்டியே ஓடியது. பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

நாற்பது நிமிடம் அந்த அறையில் மூன்று பெயர்களும் மாறி மாறிக் கேட்டன. அத்தை தன் குரல் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் குனிந்துகொண்டாள். முடிந்ததும் ஒவ்வொரு பெயருக்கும் இருநூறையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். மற்ற இரண்டு பெயர்களுக்கும் கோடு லேசாக அசைந்திருந்தது. சாமித்துரை என்ற பெயருக்கு முந்நூறாவது பங்கில் பெரிதாக ஓர் அலை. படத்தில் போடலாம் போல ஓர் அலை.

பேராசிரியர் சொன்னது நினைவில்தான் இருந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலகணேஷ் கேலியை விட்டுவிட்டு எழுந்து நின்றார். எழுதப்படிக்கத் தெரியாத வீட்டிலிருந்து போனவன், பெரிய ஆஸ்பத்திரி சொல்லாததைச் சொல்லப்போகிறேன்.

“கேக்குது அத்தை” என்றேன்.

அவள் எங்களைத் தாண்டிப் போய், கட்டில் ஓரத்தில் தரையில் உட்கார்ந்து, மாமாவின் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். “நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது. கோவத்துல சொல்லிட்டேன். வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நீங்க பிள்ளையார் கோயில் தாண்டுத வரைக்கும். வந்துருங்க” என்றாள். நானும் பாலகணேஷும் வெளியே வந்துவிட்டோம். அவர் வேப்பமரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினார். “படிச்ச பிள்ளைன்னா இப்படில்லா இருக்கணும்” என்றார்.

மறுநாள் காலையில் அத்தை வெகு நேரம் தூங்கினாள். எட்டு மாதத்தில் அப்படித் தூங்கியதில்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் அந்தப் படத்தைப் பேராசிரியருக்கு அனுப்பலாம் என்று எடுத்து வைத்து, அழகாக இருக்க வேண்டுமே என்று கோட்டை முதலிலிருந்து விரித்துப் பார்த்தேன். முந்தின நாள் முந்நூறாவது பங்கை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

அலை பூஜ்யத்திலேயே தொடங்கியிருந்தது. பெயரின் முதல் எழுத்து பாக்ஸிலிருந்து கிளம்பும் அதே கணத்தில் கோடு எழும்பிவிட்டது. தலைமாட்டிலிருந்து காதுக்குச் சத்தம் வந்து சேரவே இரண்டு மூன்று பங்கு ஆகும். காதுக்கு வரும் முன்பே மூளை பதில் சொல்லியிருக்கிறது. எந்த மூளையும் அப்படிச் செய்யாது. அதைத்தானே மூன்று வருடமாகக் கணக்குப் போடுகிறேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் நிச்சயப்படுத்த வேண்டும். அடுப்படியில் ஒரு பூசணிக்காய் கிடந்தது. அதை எடுத்துவந்து, மாமாவின் தலைக்குப் பக்கத்தில், கட்டிலின் விளிம்பில் துணியைச் சுருட்டி அணைகொடுத்து வைத்தேன். களிம்பு தடவினேன். எட்டுக் கம்பியையும் அதன் தோலில் ஒட்டினேன். அதே பாக்ஸ், அதே ஒயர், அதே மூன்று பெயர்கள். சத்தத்தை மட்டும் குறைத்துக்கொண்டேன். ஐம்பது தடவை போதும்.

மாயகிருஷ்ணன் என்றபோது பூசணிக்காயின் கோடு லேசாக அசைந்தது. பாண்டியராஜன் என்றபோதும் அப்படியே. சாமித்துரை என்றபோது பெரிதாக எழுந்தது. அத்தை வெட்கப்பட்டு மெதுவாகச் சொன்ன பெயருக்கு நான் ஏற்றிவைத்த சத்தம், பாக்ஸ் ஒயரில் ஓடி, பக்கத்திலிருந்த என் கம்பியில் ஒட்டிக்கொண்டு, திரையில் அலையாக நின்றது.

நிமிர்ந்தபோது அத்தை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் இன்னும் தூக்கம் இருந்தது. பூசணிக்காயைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். நேற்று நாற்பது நிமிடம் பார்த்த திரை. அவளுக்கு அந்த வடிவம் தெரியும்.

“இதுக்கும் கேக்கா?” என்றாள்.

நான் என்னென்னவோ சொன்னேன். ஒயர், காந்தம், தாமதம். அவள் மைக்செட்காரன் பெண்டாட்டி. பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள். “கொழாய் ஒயரையும் மைக் ஒயரையும் ஒண்ணாப் போடாதன்னு அவிய பாலகணேஷ எத்தன தடவ வஞ்சிருப்பாவ. நீயும் கேட்டிருப்பியே.”

கேட்டிருக்கிறேன்.

ஒலிக்குழாயின் முனைக்கு ஒட்டுப் போட்டேன். பாக்ஸை வெளியே தூக்கிப் போட்டேன். மூன்று பெயர்களின் சத்தத்தையும் சமப்படுத்தினேன். மறுபடி மாமாவின் தலையில் ஒட்டி, மறுபடி நாற்பது நிமிடம். இந்த முறை முதலிலிருந்து பார்த்தேன். அடித்தண்டு வரைக்கும் எல்லாம் நேரத்துக்கு வந்தது. காது வேலை செய்கிறது. நூறாவது பங்கில் ஏதோ இருந்தது, மெலிதாக. முந்நூறில் ஒரு மேடு. அதை அலை என்றும் சொல்லலாம், வெறும் இரைச்சல் என்றும் சொல்லலாம். என் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கீழே ஒன்றுமே நடக்காமலும் இப்படி ஒரு கோடு வரலாம். கூட்டம் கூட்டமாக எல்லாம் துடித்து, அடிபட்ட இடத்தில் அந்தத் துடிப்புகள் ஒன்றையொன்று தின்றுகொண்டாலும் இப்படி ஒரு கோடு வரலாம். இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போனது. மூன்று வருடப் படிப்பு இரண்டு பக்கமும் தலையாட்டியது.

“கேக்குதுன்னு சொல்ல முடியாதா?” என்றாள் அத்தை.

“காதுல விழுது அத்தை. அதுக்கு மேல அவருக்குத் தெரியுதான்னு… சொல்ல முடியாது.”

“அப்பம் கேக்கலைன்னு சொல்லிரு. நான் மனசத் தேத்திக்கிடுதேன்.”

“அதயும் சொல்ல முடியாது.”

“பெரிய ஆஸ்பத்திரிக்காரவியளும் இதத்தான சொன்னாவ.”

“ஆமா.”

“நீ நேத்து சொல்லாம இருந்திருக்கலாம்யா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

பூசணிக்காயைத் தூக்கி, தோலில் ஒட்டியிருந்த களிம்பைச் சேலையால் துடைத்தாள். “இத மத்தியானத்துக்கு வச்சிருதேன். நாலு மணி பஸ்ஸுக்குத்தான போற? சாப்பிட்டுப் போ.” அடுப்படிக்குப் போனாள். அரிவாள்மணையில் காய் இரண்டாகும் சத்தம் கேட்டது. நான் மாமாவின் முடியில் இருந்த களிம்பை வெந்நீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவருடைய கண் திறந்திருந்தது. என்னைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது. மாமா, நான் டாக்டர் இல்லை என்று ஊருக்குச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும் போலிருந்தது.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. அத்தை கையைக்கூடக் கழுவாமல் உள்ளே வந்தாள்.

“அந்த மெசினை அணைச்சிட்டியா?”

“அணைச்சிட்டேன்.”

“நேத்து சொன்னது ஒயருக்குப் போயிட்டு. முதல்ல இருந்து சொல்லணும்” என்றாள். “நீ இருந்தா இரு.”

கட்டில் ஓரத்தில் குனிந்து, மாமாவின் காதில் வாயை வைத்து, அவருடைய பெயரைச் சொன்னாள். எனக்கே நன்றாகக் கேட்டது.

மாமா கண்ணை இமைத்தார். அத்தை சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் சும்மாவே நிமிடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை இமைக்கிறவர். இரண்டு நாளாக எண்ணியிருக்கிறேன். அதை அவளிடம் சொல்லவில்லை. பெயரைக் கேட்டுத்தான் இமைத்தார் என்றும் சொல்லவில்லை. அவள் என் முகத்தில் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிக்கொண்டு, வாசலில் நின்று பார்த்த கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.